தேயிலைக்கு கிரேட் உண்டு, கவ்வாத்துக் கத்திக்கு இல்லையா?



கவ்வாத்துக்கு மலை குறித்தாயிற்று என்றால் பிரட்டுக்களத்தில் அன்றைக்கு ஒரு வரிசை கூடுதலாக நிற்கும். ஸ்டோர் வாசலில் கத்தி வாங்குகிற வரிசை. பேரைச் சொல்லி, புத்தகத்தில் கையெழுத்து வைத்து, கத்தியை வாங்கிக்கொண்டு மலைக்குப் போகிறோம். கத்தி தொலைந்தால் சம்பளத்தில் பிடிக்க வேண்டும் அல்லவா? அதனால் யாரிடம், எந்தத் தேதியில் கொடுத்தது என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தில் சுத்தமாக எழுதியிருக்கிறது. ஒரு விஷயம் மட்டும் எழுதப்படவில்லை. அது என்ன கத்தி என்பது. "கவ்வாத்துக் கத்தி, 1." அவ்வளவுதான் பதிவு.

கத்தியைத் திருப்பிப் பார்த்தால் ஆங்கிலத்தில் "காபன் ஸ்டீல்" என்று பொறித்திருக்கும். சிலதில் "ஹை காபன் ஸ்டீல்". வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வாசித்துச் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டாம் நாள் பத்து மணிக்குள் வாய் மடிந்துவிடுகிறது. தீட்டுகிறோம், மறுபடி மடிகிறது. தீட்டுகிற நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பொழுது சாயும்போது கணக்கப்பிள்ளை மரத்தைத்தான் எண்ணுகிறார். இத்தனை மரம் குறைந்தது என்றால் அரைப்பேர். கத்தி மடிந்ததற்கும் நம்முடைய பேர்தான் பாதியாகிறது.

கடந்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்த தோழர்களை அவரவர் கத்தியையும் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். மேசையில் பரப்பி வைத்துப் புது அரம் ஒன்றால் ஒவ்வொன்றின் வாயிலும் இலேசாக இழுத்துப் பார்த்தோம். பாதிக்கு மேற்பட்ட கத்திகளில் அரம், ஆணியில் இறங்குவது போல இறங்கியது. அவற்றில் "ஹை காபன்" என்று பொறித்தவையும் இருந்தன. ஆகவேதான் இந்த இதழில் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பேசுகிறோம். பொறுமையாக வாசியுங்கள். இரும்புக் கணக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் நம்மிடம் இந்தச் சொல்லை விற்கிறார்கள்.

உருக்கு என்றாலே இரும்பும் காபனும் சேர்ந்ததுதான். காபனே இல்லாத உருக்கு கிடையாது. லயத்துக் கூரைத் தகரமும் உருக்கு, கம்பி ஆணியும் உருக்கு, அதிலும் காபன் இருக்கிறது. பொறியியலாளர்கள் "காபன் உருக்கு" என்று சொல்லும்போது, குரோமியம், நிக்கல் போன்ற வேறு உலோகங்களை வேண்டுமென்றே சேர்க்காத உருக்கு என்ற பொருளில் சொல்கிறார்கள். அது சரியான பாவனைதான். ஆனால் அந்தப் பெயருக்குள் 0.05 வீதம் காபன் உள்ள கூரைத் தகரமும் அடங்கும், 1 வீதம் காபன் உள்ள நல்ல அரமும் அடங்கும். இரண்டுக்கும் ஒரே பெயர். தேயிலைச் சாக்கில் "இலையால் செய்தது" என்று எழுதி அனுப்பினால் கொழும்பில் யாராவது வாங்குவார்களா?

இந்தச் சிறு காபன்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நூறு கிலோ இரும்பில் கால் கிலோவுக்குக் குறைவாகக் காபன் இருந்தால் அது மெல்லிரும்பு. அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டாலும் கத்திக்கு வேண்டிய இறுக்கம் வராது. வளையும், வெல்டிங் பிடிக்கும், கதவுக் கம்பிக்கு நல்லது. அரைக் கிலோ அளவில் வந்தால் இறுகும். மண்வெட்டிக்கும் கோடரிக்கும் அந்தப் பக்கம் உள்ளவை போதும். 600 கிராமுக்கு மேலே போனால்தான் உயர் காபன் உருக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். கவ்வாத்துக் கத்தி போல மெல்லிய வாயால் கட்டையான கிளையை ஒரே வீச்சில் வெட்ட வேண்டிய கத்திக்கு 700 முதல் 850 கிராம் வரை வேண்டும். கால் கிலோவுக்கும் முக்கால் கிலோவுக்கும் இடையிலுள்ள அரைக் கிலோதான் நம்முடைய அரைப்பேருக்கும் முழுப்பேருக்கும் உள்ள தூரம்.

சரி, உருக்குக்கு ஒழுங்கான பெயரே இல்லையா? இருக்கிறது. தேவைக்கு மேலேயே இருக்கிறது. அமெரிக்க முறையில் நாலு இலக்க எண். 1075 என்றால் முதல் இரண்டு இலக்கம், 10, வேறு உலோகம் சேர்க்காத காபன் உருக்கு என்று சொல்கிறது. பின் இரண்டு இலக்கம், 75, காபன் சுமார் 0.75 வீதம் என்று சொல்கிறது. 1095 என்றால் 0.95. 1045 என்றால் 0.45. பார்த்தவுடன் தெரிந்துவிடும். 5160 என்றால் 0.60 வீதம் காபன், கொஞ்சம் குரோமியம் சேர்த்தது. லொறிகளின் வில்லுத் தகட்டுக்குப் போகிற உருக்கு. நம் ஊர்ப் பட்டறைகளில் பழைய லொறி வில்லை வாங்கி அடித்த கத்தி ஏன் வருஷக்கணக்கில் நிற்கிறது என்பதற்கு அதுதான் காரணம். வில்லுக்குப் போகிற உருக்கு பெரும்பாலும் இந்த இனம், அல்லது இதற்கு நெருங்கிய இனம். கொல்லருக்கு எண் தெரியாமல் இருக்கலாம், உருக்குத் தெரியும். நம்மில் எத்தனையோ பேர் ஸ்டோர் கத்தியை லயத்தில் மாட்டிவிட்டு, சொந்தக் காசில் கொல்லரிடம் வாங்கிய கத்தியோடு மலைக்குப் போகிறோம் என்பது துரைமாருக்கும் தெரியும்.

ஜெர்மன் முறையில் சி75 என்று எழுதுவார்கள், அதுவும் 0.75தான். சீனத்தில் 65எம்.என். என்றால் 0.65 வீதம் காபன், ஏறத்தாழ 1 வீதம் மங்கனீசு. இவையெல்லாம் நேர்மையான பெயர்கள். பிரித்தானியர் இரண்டாம் உலக யுத்த காலத்தில் போட்ட இ.என். எண்கள் வேறு மாதிரி. இ.என். 8 என்றால் 0.4 வீதம் காபன், இ.என். 42 அதைவிட அதிகக் காபன் உள்ள வில்லு உருக்கு, ஆனால் இ.என். 45இல் 42ஐவிடக் காபன் குறைவு. அங்கே எண் வெறும் வரிசை எண். ஜப்பானியருடைய எஸ்.கே. வரிசையிலோ எண் கூடக் கூடக் காபன் குறையும். எஸ்.கே.2இல் உள்ளதைவிட எஸ்.கே.5இல் குறைவு. மரம் வெட்டுகிற கத்தரிக்கும் வாளுக்கும் எஸ்.கே.5 நிறையப் போகிறது, நல்ல உருக்கு. 2000ஆம் ஆண்டில் ஜப்பானியரே இந்தக் குழப்பத்தைத் தீர்க்க அதை எஸ்.கே.85 என்று மாற்றினார்கள்; 0.85 வீதம் என்று பார்த்தவுடன் விளங்குகிறது. அதே நாட்டில் சமையல் கத்திக்குப் போகும் உருக்குகளை வெள்ளைக் காகிதம், நீலக் காகிதம் என்று அழைப்பார்கள். ஆலையில் சுற்றி அனுப்பிய காகிதத்தின் நிறம்தான் பெயராகி நின்றுவிட்டது. ஆனாலும் அந்தக் கொல்லர்களுக்கு எந்தக் காகிதத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும்.

இவ்வளவையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. பெயர் நேரானதோ கோணலானதோ, உலகத்தில் உருக்கு விற்கிற ஒவ்வொரு ஆலையும் தன் சரக்குக்கு ஒரு தரப்பெயர் கொடுத்துத்தான் விற்கிறது, கேட்டால் சோதனைச் சான்றிதழும் தருகிறது. அதில் காபன் எவ்வளவு, மங்கனீசு எவ்வளவு என்று எழுதியிருக்கும். கத்தி செய்பவர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் தகடு வாங்குகிறார். ஆலையிலிருந்து பட்டறை வரைக்கும் வந்த பெயர், கடைக்கும் ஸ்டோருக்கும் இடையில் எங்கேயோ விழுந்துபோகிறது. தொழிலாளியின் கைக்கு வரும்போது "காபன் ஸ்டீல்" மட்டும் மிஞ்சுகிறது.

நிர்வாகத்தோடு பேசப் போனால் முதலில் வருகிற பதில்: "காபன் உருக்குத் துருப்பிடிக்கும், அதனால் இனி ஸ்டெயின்லெஸ் தருகிறோம்." கேட்டவுடன் சரி என்று சொல்லிவிடாதீர்கள். 10.5 வீதத்துக்குக் குறையாமல் குரோமியம் இருந்தால் ஸ்டெயின்லெஸ் என்ற பெயர் வரும். காபன் எவ்வளவு என்று அந்தப் பெயரும் சொல்லாது. 18/8 என்று வரும் ஸ்டெயின்லெஸ்ஸில் 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல். கரண்டிக்கும் தேநீர்க் கேத்தலுக்கும் உகந்தது, காய்ச்சி நனைத்து அதை இறுக்கவே முடியாது. சீன எண்ணில் 3சி.ஆர்.13 என்பது 0.3 வீதம் காபனும் 13 வீதம் குரோமியமும் கொண்டது. மலிவான சமையலறைக் கத்தி. 440 என்று மட்டும் பொறித்து வருவதும் உண்டு. 440க்குப் பின்னால் ஏ, பி, சி என்று எழுத்து இருக்க வேண்டும். ஏயில் காபன் 0.60 முதல் 0.75 வரை, சியில் 0.95 முதல் 1.20 வரை. அந்த ஒரு எழுத்தை விழுங்கிவிட்டு விற்கிறவர் எந்த எழுத்தை விழுங்கியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது பதில் இன்னும் பழையது: "உங்கள் ஆட்கள் கவ்வாத்துக் கத்தியால் விறகு பிளக்கிறார்கள்." உண்மை. சிலர் செய்கிறோம். மழை நாளில் அடுப்புக்கு விறகு உடைக்க வேறு ஆயுதம் இல்லாத லயங்கள் இருக்கின்றன. அது தவறுதான், கத்தியின் வாயில் பல் விழும். ஆனால் பல் விழுவது வேறு, வாய் மடிவது வேறு. உருக்கு அளவுக்கு மேல் இறுகியிருந்தாலும், கட்டையில் கண்டபடி அடித்தாலும் பல் விழும். பச்சைக் கிளையை வெட்டியே வாய் மடிகிறது என்றால் உருக்கு மெத்தென்று இருக்கிறது, குற்றம் வாங்கிய இடத்தில் இருக்கிறது. மேசையில் பரப்பிய கத்திகளில் பல் விழுந்தவை குறைவு. மடிந்தவையே அதிகம்.

இங்கே நம் பக்கத்திலும் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். நல்ல பெயர் உள்ள உருக்கும் காய்ச்சிப் பதப்படுத்திய விதம் பிழைத்தால் கெட்ட கத்திதான். சிவக்கக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ நனைத்து இறுக்குவது முதல் வேலை; அப்படி விட்டால் கண்ணாடி போல உடையும். திரும்ப இளஞ்சூட்டில் காய்ச்சி முறுக்கைக் குறைப்பது இரண்டாவது வேலை. அந்தப் பதத்தைப் பட்டறைச் சாணைச் சக்கரத்தில் ஒரு நிமிஷத்தில் கெடுத்துவிடலாம். தண்ணீர் இல்லாமல் அழுத்திப் பிடித்தால் வாய் முதலில் வைக்கோல் நிறமாகும், பிறகு நீலமாகும். நீலம் கண்டால் அந்த இடம் 300 பாகை அளவுக்குச் சூடேறிவிட்டது, அதனால் முதலில் இருந்த இறுக்கம் குறைந்துவிட்டது. ஆகவே சக்கரத்தில் பிடிக்கிற தோழர்கள் விரல் தாங்கும் சூட்டுக்கு மேலே போகவிடாமல் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துப் பிடியுங்கள். கையால் தீட்டுகல்லில் தீட்டுவது அதைவிட நல்லது. ஆனால் அந்தக் கல்லையும் அரத்தையும் தோட்டம் தர வேண்டும். இன்றைக்கு எத்தனை தோட்டங்களில் நாமே கடையில் வாங்குகிறோம்?

மடிந்த கத்தியால் யாருக்கு நட்டம் என்று கேட்டால், நமக்கு மட்டும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். மழைநீர் வழிந்தோடும்படி சரிவாக, ஒரே வெட்டில், பட்டை கிழியாமல் வெட்ட வேண்டும் என்று கவ்வாத்துக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் அறிவுரையும் அதுதான். மடிந்த வாய் கிளையை வெட்டாது, பிளக்கும். பிளந்த கட்டையில் தண்ணீர் தங்கும், பூஞ்சணம் பிடிக்கும், உக்கல் கிளை வழியாக அடிமரத்துக்கு இறங்கும். கவ்வாத்து வெட்டிய மலை அடுத்த நாலைந்து வருஷம் கொழுந்து தர வேண்டிய மலை. கத்தியில் மிச்சம் பிடித்த காசு மரத்தில் போகிறது. பிறகு கொழுந்து குறைந்தது என்று அந்தப் பழியைப் பெண் தொழிலாளர் தலையில் கிலோக் கணக்காக ஏற்றுவார்கள்.

கை வெட்டுப்பட்ட கதைகளையும் நாம் அறிவோம். மடிந்த கத்திக்கு இரண்டு மடங்கு பலம் கொடுக்க வேண்டும்; அது கிளையில் ஏறாமல் வழுக்கினால் நேரே முழங்காலுக்கும் இடது கைக்கும்தான் வரும். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934 முதல் இந்த நாட்டில் இருக்கிறது. ஆனால் விபத்து எழுதும்போது "கவனக்குறைவு" என்று ஒரு சொல் எழுதுகிறார்களே தவிர, கத்தி என்ன உருக்கு, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று எழுதியதை நாம் பார்த்ததில்லை.

"இதெல்லாம் சின்ன விஷயம், பெயரில் என்ன இருக்கிறது" என்று ஒரு சின்னத் துரை சொன்னாராம். பெயரில் என்ன இருக்கிறது என்று முதலாளிமாருக்கு நன்றாகவே தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரம் கத்திக்குப் பேர்போனது. ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து வந்த மலிவுக் கத்திகளில் ஷெபீல்ட் முத்திரை குத்தி விற்கிறார்கள் என்று அந்த நகரத்துக் கத்தி உற்பத்தியாளர்கள் கொதித்தெழுந்தார்கள். பாராளுமன்றம் வரை போனார்கள். 1887இல் சரக்கு முத்திரைச் சட்டம் வந்தது. வெளிநாட்டுச் சரக்கில் "ஜெர்மனியில் செய்தது" என்று எழுத வேண்டி வந்தது அந்தச் சட்டத்தால்தான். தங்கள் லாபத்தில் பொய்ப் பெயர் கைவைத்தபோது ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். நம் கையில் கைவைக்கும்போது அது சின்ன விஷயமாகிவிடுகிறது.

பலாங்கொடைப் பக்கத்துத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊருக்குக் கிட்டே சமனலவெவயில், தென்மேல் பருவக்காற்றை நேரே வாங்கும்படி மலைச்சரிவில் கட்டிய பழைய உருக்கு உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். துருத்தி கூட இல்லாமல் காற்றின் பலத்தாலேயே ஆயிரம் வருஷத்துக்கு முன் அங்கே உயர் காபன் உருக்கு வடித்தார்கள் என்பது 1996இல் உலகப் பேர்பெற்ற நேச்சர் விஞ்ஞான இதழிலேயே வெளிவந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய அரபு அறிஞர் அல்கிந்தி, உருக்கின் ஊர்களில் ஒன்றாகச் சரன்தீவைச் சொல்கிறார். அது இந்தத் தீவு. அன்றைக்கு இந்த மலைநாட்டு உருக்குக்கு அரபு நாடு வரைக்கும் பெயர் இருந்தது. இன்றைக்கு அதே காற்றில் நின்று பெயரில்லாத கத்தியால் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

இனி பெக்டரிக்குள் போய்ப் பாருங்கள். பி.ஓ.பி., பி.ஓ.பி.எப்., பெக்கோ, டஸ்ட் என்று சலித்துப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு சாக்கிலும் தோட்டத்து மார்க், கிரேட், இன்வொய்ஸ் இலக்கம், நிறை. கிரேட் மாறிப் போனால் கொழும்பு ஏலத்தில் கேள்வி வரும். 1883இல் தொடங்கிய அந்த ஏலம் பெயரை நம்பித்தான் இன்றுவரை நடக்கிறது. தூசுக்குக் கூட ஒரு பெயரும் இலக்கமும் வைத்து விற்கத் தெரிந்த கம்பனிகளுக்கு, அந்தத் தேயிலையை வளர்க்கிற கத்திக்கு ஒரு எண் கேட்டு வாங்கத் தெரியாது என்றால் நாம் நம்ப வேண்டுமா?

ஆகவே சங்கம் வைக்கிற கோரிக்கை இது. கத்திக்கு ஓர்டர் எழுதும்போது தரப்பெயரை எழுத வேண்டும்: 1075, சி75, எஸ்.கே.85, 65எம்.என். இவற்றில் ஒன்று, அல்லது காபன் அளவில் இவற்றுக்குச் சமமான இன்னொன்று. பதம் பார்க்கிற ரொக்வெல் சி அளவில் இறுக்கம் 54க்கும் 58க்கும் இடையில் இருக்க வேண்டும் என்றும் அதே தாளில் எழுத வேண்டும். தரப்பெயரைக் கத்தியிலேயே பொறிக்க வேண்டும். சரக்கோடு வரும் சோதனைச் சான்றிதழின் பிரதி தோட்டத் தலைவரிடம் கொடுக்கப்பட வேண்டும். அரமும் தீட்டுகல்லும் தோட்டத்தின் செலவு. தீட்டுகிற நேரம் வேலை நேரம். மடிகிற கத்தியோடு மலைக்கு அனுப்பிவிட்டு அரைப்பேர் போடுவதை ஏற்க மாட்டோம். விபத்துப் பதிவில் கத்தியின் தரப்பெயரும் கொடுத்த தேதியும் இடம்பெற வேண்டும். இதில் எந்த ஒன்றுக்கும் புதிய சட்டம் தேவையில்லை. ஓர்டர் புத்தகத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதினால் பாதி வேலை முடிந்தது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஸ்டோர் கத்திகளை அரம் போட்டுப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். புது அரம் வேண்டும், தேய்ந்த அரம் பொய் சொல்லும். முதுகில் போடாதீர்கள், முதுகை வேண்டுமென்றே மெத்தென்று விடுவதுண்டு. வாயில், பிடிக்குப் பக்கத்தில் இலேசாக இழுங்கள். இலகுவாகக் கடித்துத் தூள் விழுந்தால் மெல்லிரும்பு, அல்லது பதம் கெட்டது. சிரமப்பட்டுக் கொஞ்சமாகக் கடித்தால் நல்ல பதம். கண்ணாடியில் போல வழுக்கிக்கொண்டு போனால் அளவுக்கு மேல் இறுகியது, அதில் பல் விழும். மூன்று வரிசையாக எழுதுங்கள். கத்தியில் என்ன பொறித்திருக்கிறது என்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அரத்துக்கான காசை மாவட்டக் காரியாலயத்தில் பற்றுச்சீட்டுக் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம்.